பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம்

பங்குப் பேரவையில் இளைஞர் குழுவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே குற்றவாளிதான் தெரியும். செல்போன். "அது கையில வந்த பிறகு எந்தப் பிள்ளை கோயில் வளாகத்துல நிக்குது?" என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் ஆந்திராவின் சித்தூர்க்காரி. அந்தக் குழுவில் எட்டாவது படிக்கும்போது சேர்ந்தவள். பிற்பாடு டீச்சர் வேலைக்குப் போய், அதே குழுவுக்கு வழிகாட்டியாகவும் இருந்தவள். எனக்குத் தெரிந்து செல்போன் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே குழு பாதி கலைந்திருந்தது. கலைத்தது, பத்தாவதுக்குப் பிறகு வரும் இரண்டு வருஷ இன்டர்மீடியட் படிப்பு.

இதைச் சொன்னால், "என்ன டீச்சர், நீங்களே படிப்பைக் குறை சொல்றீங்களே?" என்பார்கள். குறை சொல்லவில்லை. கத்தோலிக்க இளைஞர் குழுக்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால், அது பக்தி கூடிக் குறைந்த கதையாக எனக்குப் படவில்லை. பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் ஓய்வு நேரம் யார் பிடியில் இருந்தது என்பதுதான் அதில் ஓடும் கதை.

முதலில் கிடைத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நேரம். 1563-ல் ரோமில் இயேசு சபைக் கல்லூரியில் ழான் லெனிஸ் என்ற பெல்ஜியக்காரர், வகுப்பு முடிந்த பிறகு மாணவர்களைக் கூட்டி மாதா சபை ஒன்றை ஆரம்பித்தார். 1584-ல் போப்பாண்டவரின் அங்கீகாரம் கிடைத்தது. இயேசு சபைக் கல்லூரிகள் எங்கெல்லாம் எழும்பினவோ அங்கெல்லாம் அந்தச் சபையும் போனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது படிக்க வசதியுள்ள வீட்டுப் பையன்களுக்கான ஏற்பாடு. வேலைக்குப் போகும் பையனுக்கு 'வகுப்பு முடிந்த பிறகு' என்று ஒரு நேரமே கிடையாது.

அவனிடம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இதைக் கண்டுகொண்டவர் இத்தாலியக் குரு தோன் போஸ்கோ. 1841 டிசம்பர் 8 அன்று தூரின் நகரத்து ஆலயத்தில், பூசைக்கு உதவி செய்யத் தெரியவில்லை என்று கோயில்பிள்ளையிடம் அடி வாங்கிய ஒரு பையனைத் திருப்பிக் கூப்பிட்டுப் பேசினார் என்பது எங்கள் ஞானோபதேச வகுப்பில் எல்லாரும் கேட்ட கதை. பையன் பெயர் பர்த்தொலொமெயோ கரெல்லி. கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த அநாதைப் பிள்ளை. அடுத்த ஞாயிறு அவன் தன் கூட்டாளிகளோடு வந்தான். கொத்து வேலைக்காரர்கள், புகைபோக்கி துடைப்பவர்கள் என்று கூட்டம் பெருகியது. பூசை, பாட்டு, விளையாட்டு, கொஞ்சம் எழுத்துக்கூட்டிப் படிப்பது. இந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் அக்கம்பக்கத்தார் விரட்ட, இடம் மாறி மாறி 1846-ல்தான் வல்தோக்கோ என்ற இடத்தில் நிலையாக அமர்ந்தார்கள். சத்தம் போட்டதற்காக விரட்டப்பட்ட குழுக்களின் பட்டியலில் எங்கள் சித்தூர்க் குழுவுக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் எங்களை விரட்டியது பங்குத்தந்தையின் மதியத் தூக்கம்.

மூன்றாவது ஆள் ஜோசப் கார்டைன். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான், ஆகையால் கொஞ்சம் நீட்டுகிறேன். 1882-ல் பெல்ஜியத்தில் உழைப்பாளி வீட்டில் பிறந்தவர். இவர் குருமடத்துக்குப் படிக்கப் போனார். கூடப் படித்த பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது பழைய நண்பர்கள் இவரை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சாமியார்கள் முதலாளி பக்கம் என்பது அவர்கள் எண்ணம். 1903-ல் இவருடைய அப்பா இறந்தபோது, உழைக்கும் ஜனங்களுக்காகவே வாழ்வது என்று முடிவெடுத்தார். 1912-ல் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாக்கன் பங்குக்கு உதவிக் குருவாக வந்ததும் அவர் முதலில் கூட்டியது தையல் வேலைக்குப் போகும் சின்னப் பெண்களைத்தான். பிரசங்கம் வைக்கவில்லை. கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாய்? கூலி எவ்வளவு? கூட வேலை செய்கிறவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் பார்க்கிறார்கள்? பெண்கள் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்கள். பார், தீர்ப்பிடு, செயல்படு என்று பிற்பாடு பெயர் பெற்ற முறை இங்கேதான் முளைத்தது.

1925-ல் அவருடைய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் முறையாகத் தொடங்கியது. கத்தோலிக்க இளைஞரைப் பிளக்கிறார் என்று உள்ளுக்குள்ளேயே முறையீடு கிளம்ப, நேரே ரோமுக்குப் போய்ப் போப்பாண்டவர் பதினொன்றாம் பத்திநாதரைப் பார்த்து ஆசி வாங்கி வந்தார். இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியர் அவரைச் சிறையில் வைத்தார்கள். ஆரம்பத்திலிருந்து கூட இருந்த ஃபெர்னாண்ட் டொன்னே, பால் கார்செ இருவரும் 1945-ல் டாக்கவ் வதைமுகாமில் இறந்தார்கள். 1961-ல் இருபத்து மூன்றாம் அருளப்பர் எழுதிய சுற்றுமடலில் அந்த மூன்று சொற்களும் திருச்சபையின் அதிகாரபூர்வ முறையாக இடம்பெற்றன. 1965-ல் கார்டைன் கர்தினால் ஆனார்; 1967-ல் இறந்தார். தொழிலாளர் இயக்கத்தின் தங்கை மாதிரி மாணவர்களுக்கும் ஓர் இயக்கம் வளர்ந்து, 1946-ல் சர்வதேச அமைப்பானது. இந்தியாவில் அதற்கு இரட்டைப் பெயர்: கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம், பிற மதத்துப் பிள்ளைகளும் சேரும் இடத்தில் இளம் மாணவர் இயக்கம். ஒய்.சி.எஸ்., ஒய்.எஸ்.எம். என்றால்தான் எங்களுக்குப் புரியும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். அந்த வருஷம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1960-ல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் இங்கே வந்தன. காகிதத்தில் கோடு மாறினாலும் சித்தூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வியாதி என்றாலும், கல்யாணப் புடவை என்றாலும் வேலூர்தான். கோயில் காரியமும் அப்படியே. 1906-ல் தஞ்சாவூருக்கு வந்த தோன் போஸ்கோவின் சலேசிய சபையார் 1928-ல் சென்னை வந்து, பிறகு வட ஆர்க்காட்டில் ஊன்றினார்கள்; 1951-ல் திருப்பத்தூரில் அவர்கள் கல்லூரி; 1952-ல் வேலூர் மறைமாவட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் பேண்ட் வாத்தியமும் கால்பந்தும் நாடகமுமாக ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சித்தூர்ப் பையன்கள் பார்த்துவிட்டு வந்து, எங்களுக்கும் பந்து வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் மாவட்டம் 1976-ல் உருவான கடப்பா மறைமாவட்டத்துக்குள் இருக்கிறது. ஆயர் இல்லம் வடக்கே, உறவுக்காரர்கள் தெற்கே.

நான் சேர்ந்தபோது வளாகத்தில் இருந்தது மரியாயின் சேனையின் இளையோர் பிரிவு. 1921-ல் டப்ளினில் ஃபிராங்க் டஃப் என்ற அரசாங்க குமாஸ்தா தொடங்கிய சேனை அது. குமாஸ்தா தொடங்கியது என்பது அதன் நடைமுறையைப் பார்த்தாலே தெரியும். செபம், போன வார மினிட்ஸ் வாசிப்பு, ஒவ்வொருவராக எழுந்து வேலை அறிக்கை, யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி சுற்றிவரும் காணிக்கைப் பை. சும்மா கேலி செய்கிறேனே தவிர, கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசவும், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, அந்தச் சேனைதான். வேலை என்றால் நோயாளியைப் பார்ப்பது, கெபியைக் கூட்டுவது.

1980-களின் தொடக்கத்தில் வந்த ஓர் உதவிப் பங்குத்தந்தை, பெங்களூரில் ஏதோ பயிற்சி முடித்தவர், சேனையைக் கலைக்காமல் பக்கத்திலேயே ஒய்.சி.எஸ். ஒன்றைத் தொடங்கினார். கூட்டம் எப்போது என்பதில்தான் முதல் சண்டை. பையன்களுக்கு மாலை வேண்டும். மாலை என்றால் பெண்பிள்ளைகள் ஒருத்தியும் வர மாட்டோம்; வீட்டில் விடமாட்டார்கள். "பூசைக்குப் போனியா, வந்தியா, அவ்ளோதான்" என்பது எங்கள் நைனாவின் சட்டம். பூசை முடிந்து ஒரு மணி நேரம் தாமதமானால் மட்டும் அவர் கணக்கில் அது பூசையோடு சேர்ந்தது. ஆக, ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று முடிவானது. இந்த ஒரு முடிவால்தான் எங்கள் குழுவில் பெண்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள் என்பேன்.

மொழி இன்னொரு கூத்து. ஒரு ஞாயிறு தமிழில் பூசை, அடுத்த ஞாயிறு தெலுங்கில். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பாதிப் பேர் தெலுங்கு மீடியம்; தமிழ் வாசிக்க வராது. அவர்களுடைய பாட்டு நோட்டில் தமிழ்ப் பாட்டெல்லாம் தெலுங்கு எழுத்தில் இருக்கும். தமிழின் ழகரத்துக்குத் தெலுங்கில் எழுத்தில்லாததால் ஆளுக்கு ஒரு குறி போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி ளகரத்தின் கீழே சின்னச் சிலுவை போடுவாள். எங்கள் பக்கத்துக்கு இது புதிதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் புங்கனூர் பக்கமெல்லாம் கோயில் வைத்திருந்த பிரெஞ்சு இயேசு சபையாரில் ஒருவர் ழான் கால்மெட். அவர் தேடிப் பிடித்துப் பாரிசுக்கு அனுப்பிய ரிக் வேதப் பிரதி தெலுங்கு எழுத்தில் எழுதப்பட்ட சமஸ்கிருதம்தான்.

எங்கள் சாமியார் கார்டைன் மாதிரியே கேள்வித்தாள் கொடுப்பார். உன் தெருவில் உன் வயசுப் பிள்ளைகள் எத்தனை பேர், பள்ளிக்கூடம் போகிறவர் எத்தனை, போகாதவர் என்ன செய்கிறார். இரண்டு இரண்டு பேராகப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும். சித்தூரில் இந்தக் கேள்விக்கு மே மாதத்தில் ஒரு விடை கிடைக்கும், நவம்பரில் வேறு விடை. மே மாதம் தொடங்கி இரண்டு மூன்று மாதம் மாங்கூழ் ஃபேக்டரி சீசன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். பத்தாவதில் ஃபெயிலான பெண்கள், பரீட்சைக்கே போகாத பெண்கள், கத்தியோடு வரிசையாக உட்கார்ந்து அறுப்பார்கள். சீசன் உச்சத்தில் இரவு ஷிஃப்டும் உண்டு. காம்பிலிருந்து வடியும் பால் பட்டுப் பட்டு விரலிடுக்கு வெந்துபோய்த் தோல் உரியும். எங்கள் குழுவிலேயே அப்படிக் கையோடு நற்கருணை வாங்க வெட்கப்பட்டு, நாக்கில் வாங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையைப் பார்க்காமல் 'பார்' என்ற சொல்லை எப்படிப் படித்திருப்போமோ தெரியவில்லை.

கேள்வித்தாளில் வராத ஒரு கேள்வியும் அங்கேதான் எழுந்தது. பத்தாவது பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் வருஷத்தில் சில பையன்களுக்குத் திடீரென்று இரண்டு பெயர் இருப்பது தெரியவரும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் இந்துப் பெயராக ஒன்று. காரணம் இடஒதுக்கீடு. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆந்திராவில் மதம் மாறிய தலித்துகளுக்குப் பி.சி.-சி என்று தனிப் பிரிவு, ஒரு சதவீத இடஒதுக்கீடு. எந்தப் பெயரில் விண்ணப்பம் போடுவது என்பது பதினைந்து வயதுப் பிள்ளை தீர்மானிக்கும் விஷயமா? வீட்டில் அப்பா தீர்மானிப்பார். பையன் வாய் திறக்க மாட்டான். பூசைக்குப் பிறகான அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவன் வாய் திறந்து, "ஃபாதர், சாமி என்னை எந்தப் பேர்ல கூப்பிடுவாரு?" என்று கேட்டான். கேலியாகக் கேட்டானா, நிஜமாகவே கேட்டானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். சாமியார் பதில் சொல்லாமல், மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அந்தக் கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நடந்தது. நைனாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

1986 பிப்ரவரி 5-ஆம் தேதி போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தார். சித்தூரிலிருந்து வேன் பேசினார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. நான் இன்டர் இரண்டாம் வருஷம், அடுத்த மாதம் பரீட்சை. போகவில்லை. என் வகுப்பில் படித்த யாருமே போகவில்லை. போனவர்கள் மெக்கானிக் கடையில், பிரஸ்ஸில், வெல்ல மண்டியில் வேலை பார்த்த பையன்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார்கள். பாதியிலே படிப்பை நிறுத்தியவர்களுக்குத்தான் நேரமும் துணிச்சலும் இருந்தது என்பதை அன்றைக்குக் கவனிக்கவில்லை. பிற்பாடு பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது பட்டென்று தெரிந்தது. வாரம் தவறாமல் வந்தவர்கள் எல்லாரும் பத்தாவது ஃபெயில், அல்லது பத்தாவதோடு நின்றவர்கள்.

அவர்களுக்காகத்தான் எங்கள் குழு தன் ஒரே பெரிய 'செயலை'ச் செய்தது. கேள்வித்தாள்களை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, வேலைக்குப் போன பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கணக்கிலும் இங்கிலீஷிலும் மட்டும் ஃபெயிலானவர்கள் என்று தெரிந்தது. ஞானோபதேச அறையில் ராத்திரி டியூஷன் ஆரம்பித்தோம். சப்ளிமென்டரி எழுத வைத்தோம். நான் டீச்சரான பிறகும் கணக்கு என் பொறுப்பு. வருஷத்துக்கு வருஷம் பாஸானவர்கள் கூடினார்கள். பாஸானவர்கள் இன்டருக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பிக் குழுவுக்கு வரவில்லை. குழுவைக் காலி செய்தது இன்டர்மீடியட் என்றேனே, அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தது நாங்களேதான்.

இன்டர்மீடியட் போர்டு 1971-லிருந்தே இருக்கிறது. என் காலத்து இன்டர் காலேஜுக்கு சாயங்காலம் நாலு மணியோடு கதவு மூடும். 1990-களில் இன்ஜினியரிங் காலேஜ்கள் பெருகியதும் ரெசிடென்ஷியல் முறை வந்தது. திருப்பதி, நெல்லூர், விஜயவாடா என்று பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டார்கள். காலை ஐந்துக்கு ஸ்டடி ஹவர். ஞாயிற்றுக்கிழமை வாராந்தரத் தேர்வு. மாதம் ஒரு முறை அவுட்டிங். தோன் போஸ்கோவின் கொத்து வேலைக்காரப் பையனுக்குக்கூட முதலாளி ஞாயிற்றுக்கிழமையை விட்டுவைத்தான் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டேன். மகனை அப்படி ஒரு காலேஜில் சேர்த்திருந்த பேரவை உறுப்பினர் ஒருவர் அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 2002-ல் சித்தூர் பால் பண்ணை மூடப்பட்டபோது அந்த ஓட்டம் இன்னும் வேகமெடுத்தது. உள்ளூரில் நிரந்தர வேலை என்று நம்பியதெல்லாம் போன பிறகு, மகனாவது இன்ஜினியர் ஆகட்டும் என்று நினைத்த அப்பாவை யார் என்ன சொல்ல முடியும்?

திருப்பதியில் கதை தலைகீழ். அங்கே பிள்ளைகள் வந்து இறங்கும் இடம். ரேணிகுண்டா ரயில்வே காலனித் தமிழர்கள், பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்த மலையாளிகள், தெலுங்கர்கள் என்று பங்கே கலவை. நர்சுகளின் குடும்பங்கள் வழியாகக் கேரளத்தில் 1985-ல் கிளம்பிய ஜீசஸ் யூத் இயக்கத்தின் வாடை அங்கே அடித்தது: கிடார், கைதட்டிப் பாட்டு, இரவுத் தியானம். கேள்வித்தாள் இல்லை. எனக்கு அது முழுக்க ஒட்டவில்லை. ஆனால் ஹாஸ்டலில் வாரம் முழுக்க மார்க்குக்காக அழுத பிள்ளைக்கு, அவுட்டிங் நாளில் போய் இன்னொரு கேள்வித்தாளை நீட்டினால் ஓடித்தான் போவான். பாடி அழுதுவிட்டுப் போகட்டும் என்று அந்த அண்ணன்மார் நினைத்ததில் நியாயம் உண்டு. 1995 ஜனவரியில் மணிலாவில் உலக இளையோர் நாளுக்குப் பல லட்சம் பேர் கூடிய வீடியோ கேசட்டைப் பங்கு பங்காகப் போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகு இளைஞர் குழு என்றால் மேடை, பேனர், டி-ஷர்ட் என்று ஒரு நினைப்பு வந்தது. மினிட்ஸ் எழுதும் பழக்கம் அந்தச் சமயத்தில்தான் நின்றது.

இப்போது சித்தூரில் குழு என்பது ஏழாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகள். கார்லோ அகுதிஸ் என்ற பதினைந்து வயதுப் பையன் 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவன் ஜீன்ஸ் போட்ட படத்தைக் கெபிக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். புனித டொமினிக் சாவியோ படம் மட்டும் பார்த்து வளர்ந்த எனக்கு வேடிக்கையாக இருந்தது. மாங்காய் சீசனில் அறுக்கும் கூட்டத்தில் எங்கள் பிள்ளைகள் இல்லை. வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். அவர்களைப் போய்ப் பார்த்து எழுதிவரச் சொல்லி ஒரு கேள்வித்தாள் போடலாம் என்று இந்த வருஷம் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாவது படிக்கும் செயலாளர் சிறுமி, "எந்த லாங்வேஜ்ல கேக்கறது மிஸ், அவங்க ஒரியா பேசறாங்க" என்றாள். கூகுளில் மொழிபெயர்த்து அச்சடிக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

தேதிதான் இன்னும் நிச்சயமாகவில்லை. அண்ணன் அக்காமார் துணைக்கு இல்லாமல் சின்னப் பிள்ளைகளை ஃபேக்டரி வாசலுக்கு அனுப்ப முடியாது. பங்குத்தந்தை மூன்று ஞாயிறு சொல்லிப் பார்த்தார், மூன்றிலும் டெஸ்ட். திருப்பதி காலேஜ்களின் அவுட்டிங் லிஸ்ட் வாட்ஸ்ஆப்பில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.